கோப்பித் தோட்டத்தில் ஒரு கணக்கு டீச்சர்

டிசம்பர் 8, செவ்வாய். திருச்சி.

“அவன்கிட்ட என்னம்மா குறை? ஒண்ணு சொல்லு, போதும்.”

மதி இதைக் கேட்டு ஒரு வாரம் ஆகிறது. எனக்குப் பதில் தெரியவில்லை. பல்கலைக்கழகத்தில் பயிர் நோய்களைப் பற்றிப் பாடம் நடத்துகிறேன். நல்ல இலையைக் கையில் கொடுத்தாலும் எங்கே கெட்டிருக்கிறது என்று திருப்பிப் பார்ப்பது என் தொழில். அப்படிப்பட்டவளிடம் என் மகள், தான் கட்டிக்கொள்ள நினைக்கிற பையனைப் பற்றி ஒரே ஒரு குறை சொல்லச் சொன்னாள். யோசித்துச் சொல்கிறேன் என்று குக்கரை இறக்கப் போய்விட்டேன்.

நிரோஷனுக்குப் பெங்களூரில் மதியின் அலுவலகத்திலேயே வேலை. இரண்டு முறை வீட்டுக்கு வந்திருக்கிறான். இரண்டு முறையும் சாப்பிட்ட தட்டைத் தானே எடுத்துப்போய்க் கழுவினான். இலங்கைக்காரன், யாழ்ப்பாணம் இல்லை, மலையகம். பண்டாரவளைப் பக்கம் அவன் அம்மாவுக்குச் சின்னதாக ஒரு காப்பித் தோட்டம். அதைப் பார்க்க வருகிற சுற்றுலாக்காரர்களைத் தங்கவைத்துச் சாப்பாடும் போடுகிறார்கள். இதெல்லாம் குறை இல்லை. நான் அப்படி நினைக்கிறவளும் இல்லை.

நேற்று இணையத்தில் அந்தத் தோட்டத்தைத் தேடி எடுத்தேன். அறை காலியாக இருந்தது. பதிவு செய்துவிட்டேன். ரா. சுகந்தி, பள்ளி ஆசிரியை என்று. பெயர் என்னுடையதுதான். மதி அவள் அப்பாவின் இனிஷியலைப் போடுகிறவள், அதனால் யாரும் இரண்டையும் சேர்த்துப் பார்க்க முடியாது. மதியிடம் கண்டியில் கருத்தரங்கு என்று சொல்லியிருக்கிறேன். என் கணவர் மூர்த்திக்கு மட்டும் உண்மை தெரியும்.

“மாப்பிள்ளை வீட்டை உளவு பார்க்கப் போற” என்றார்.

“சுற்றுலா போறேன்.”

“அங்க போயும் குறை கிடைக்கலைன்னா?”

“கிடைக்கும்” என்றேன்.

டிசம்பர் 10, வியாழன்

வந்து சேர்ந்தேன். கொழும்பிலிருந்து நாள் முழுக்க ரயில். பிறகு ஓட்டோ, பிறகு நடை. குளிர்.

தோட்டத்து வாசலிலேயே அவன் அம்மா நின்றிருந்தார். ஜெயமலர். என் வயதுதான் இருக்கும். உயரம், மெலிவு, கம்பளிச் சட்டைக்கு மேல் சேலை. சேலையை முழங்காலுக்குச் சற்றுக் கீழே தூக்கிச் செருகியிருந்தார்.

“வாங்க டீச்சர், வாங்க. ரோட்டு மோசம். இடுப்பு கழண்டிருக்குமே?”

“பரவாயில்லைங்க.”

“என்னா பாடம் குடுக்குறீங்க?”

இதை நான் எதிர்பார்க்கவில்லை. “கணக்கு” என்றேன்.

“கணக்கா?” என்றார். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். “அது கஷ்டமான பாடமாச்சே” என்று சொல்லிவிட்டு என் பையை வாங்கிக்கொண்டார்.

விருந்தினருக்கான மர வீடுகள் தோட்டத்தின் கீழ்ச்சரிவில் இருக்கின்றன. ஒரு டச்சுத் தம்பதி அங்கே தங்கியிருக்கிறார்கள். எனக்குப் பதிவான வீட்டில் கூரை ஒழுகுகிறதாம். அதனால் இவர்கள் குடியிருக்கும் வீட்டிலேயே பின்னறையைக் கொடுத்திருக்கிறார்கள். ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன், அந்த மர வீட்டில் ஒழுகிய அடையாளம் எதுவும் தெரியவில்லை. குறை ஒன்று: விருந்தினரிடம் உண்மை பேசுவதில்லை.

பின்னறை நிரோஷனுடைய அறையாக இருக்க வேண்டும். அலமாரியில் இயந்திரவியல் புத்தகங்கள், ஒரு கைப்பந்தாட்டக் கோப்பை. சுவரில் ஓரிடத்தில் மட்டும் நீள்சதுரமாகச் சுண்ணாம்பு பளிச்சென்று இருக்கிறது. படம் மாட்டியிருந்து இப்போதுதான் கழற்றியிருக்க வேண்டும். ஆணி அப்படியே இருக்கிறது.

காபி வந்தது. கோப்பி என்கிறார்கள். அரை ஸ்பூன் சர்க்கரை, எனக்கு வேண்டியபடி. பொதுவாகவே இங்கே சர்க்கரை குறைவு போலிருக்கிறது.

மதி கூப்பிட்டாள். “கருத்தரங்கு எப்படிம்மா? சுவெட்டர் போட்டுக்கோ. சாயங்காலம் பனி எறங்கும்.” கண்டியில் அவ்வளவு குளிர் கிடையாது. இவளுக்குப் புவியியல் எப்போதும் வராது.

டிசம்பர் 11, வெள்ளி

தோட்டத்தைச் சுற்றிக் காட்டுவது ரத்தினம். ஜெயமலரின் கொழுந்தனார், நிரோஷனுக்குச் சித்தப்பா. வாய் ஓயாத மனிதர். டச்சுக்காரர்களுக்கு ஆங்கிலத்தில் ஒன்றும் எனக்குத் தமிழில் வேறொன்றுமாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

“இதான் டீச்சர் பழம். சிவந்ததை மட்டும் பறிக்கணும். இவங்க ரெண்டு பேரையும் பறிக்க விட்டேன், பச்சைக் காயா பறிச்சுக் கூடைய ரொப்பிட்டாங்க. அதுக்கு இவங்களே காசும் குடுக்குறாங்க. ஊர்ல யாராவது இப்படி வேலைக்குக் கெடைப்பாங்களா?”

டச்சுக்காரர் என்னிடம் இவர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். நீங்கள் நன்றாகப் பறித்தீர்களாம் என்றேன்.

பழத்தைத் தோலுரிக்கும் இயந்திரம், கொட்டையை ஊறவைக்கும் தொட்டி, கழுவிய கொட்டையைக் காயவைக்கும் மேடைகள். இடுப்பு உயரத்தில் வலை கட்டிய நீண்ட கட்டில்கள் மாதிரி இருக்கின்றன. அதன்மேல் கொட்டையைப் பரப்பிக் கையால் கிளறிக்கொண்டே இருக்கிறார்கள். மழை வந்தால் ஓடிப்போய்ப் படங்கு போட்டு மூட வேண்டும். நாம் தார்ப்பாய் என்போம். ஒரு தரம் நனைந்தால் அவ்வளவு நாள் வெயிலும் வீண்.

கடைசியாக ஒரு கொட்டகை. கறுப்புப் பைகளில் காப்பிக் கன்றுகள், வரிசை வரிசையாக.

“இதெல்லாம் திங்கக்கிழமை மேல்மலைக்குப் போகுது” என்றார் ரத்தினம். “மார்கழி பொறந்துட்டா அண்ணி ஒரு கன்னக்கூட மண்ணுல வைக்க விடாது. கார்த்திகை முடியறதுக்குள்ள நட்டாகணும். இந்த மழையை விட்டா அப்பறம் எப்ப மழை?”

மேல்மலைதான் இவர்களுடைய பழைய காப்பி. அந்த மரங்களை வைத்துத்தான் குடும்பம் ஓடுகிறது. அங்கே இடையிடையே செத்துப்போன மரங்களின் இடத்தில் இந்தக் கன்றுகளை வைப்பார்களாம்.

என் கைப்பையில் எப்போதும் ஒரு சின்னக் கைலென்ஸ் கிடக்கும். பழக்கத்தில் எடுத்துவிட்டேன். உடனே உள்ளே போட்டுவிட்டேன், ஆனாலும் ரத்தினம் பார்த்துவிட்டார்.

“இங்க வர்றவங்க எல்லாம் கேமரா கொண்டாருவாங்க. நீங்க லென்ஸு கொண்டாந்திருக்கீங்க.”

“கண் சரியா தெரியாது” என்றேன்.

மதியம் தட்டு வந்தது. டச்சுக்காரர்களுக்குக் கத்தரிக்காய்க் கறி இருந்தது. எனக்கு மட்டும் பீன்ஸ். கத்தரிக்காய் எனக்கு ஆகாது என்று சொல்ல வாயெடுப்பதற்குள் இது. கத்தரிக்காய் தீர்ந்திருக்கும்.

ஜெயமலர் பேசிக்கொண்டே பரிமாறினார். கணவர் இறந்து நெடுங்காலம். அதற்கு முன்பும் பின்பும் அடுத்த எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து பறித்தவர். “முதுகுல கூடை, தலையில கயிறு. நெத்தியில இன்னும் அந்தத் தடம் இருக்கு, பாருங்க” என்று காட்டினார். பிறகுதான் இந்த நிலம்.

சாப்பாடு இறங்கவில்லை. உயரம் காரணமாக இருக்கலாம்.

டிசம்பர் 12, சனி

காலை: கன்றுகளில் இலைத்துரு.

சந்தேகமே இல்லை. தனியாகப் போய்ப் பார்த்தேன். இலையின் மேல்பக்கம் வெளிர் மஞ்சள் புள்ளிகள், எண்ணெய் சொட்டியது மாதிரி. திருப்பினால் அடியில் செம்மஞ்சள் பொடி. விரலால் தொட்டேன், விரலில் ஒட்டியது. கிழக்குப் பக்க வரிசைகளில் நிறைய. மேற்கே இன்னும் வரவில்லை.

ஆண்டுதோறும் முதல் வகுப்பில் இந்தத் தீவின் பெயரைத்தான் சொல்லித் தொடங்குகிறேன். இந்தப் பூஞ்சையை முதலில் பதிவு செய்தது இங்கேதான். இந்த மலைகள் முழுக்கக் காப்பியாக இருந்து, இந்தப் பொடி வந்து அத்தனையும் செத்து, பிறகு தேயிலை நட்டார்கள். காப்பிக்காகத் திருச்சி, புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்தவர்களைத் தேயிலைக்கு மாற்றினார்கள். படம் போட்டுக் காட்டுவேன். மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள். கப்பலேறியவர்களின் பேத்தி பேரன்மார் என் வீட்டில் தட்டுக் கழுவுவார்கள் என்று நினைத்துப் பார்த்ததில்லை. இந்த வரி சரியாக வரவில்லை. அடித்துவிட்டு எழுதலாம். இருக்கட்டும்.

பூஞ்சை வித்து காற்றிலும் மழைச்சாரலிலும் பரவும், நம் கையிலும் துணியிலும் ஒட்டிக்கொண்டும் போகும். அறைக்கு வந்து கைகால் கழுவிச் சேலையை மாற்றினேன். பழையதைச் சோப்புப் போட்டு அலசிக் கொடியில் போட்டேன்.

மதியம்: மேல்மலையைக் காட்டுகிறேன் என்று ஜெயமலர் அழைத்தார். கன்றுக் கொட்டகை வழியாகத்தான் கூட்டிப்போனார். நேரே போகிற பாதை ஒன்று இருக்கிறது, ரத்தினம் நேற்றே அதைக் காட்டினார். கொட்டகைக்குள் வந்ததும் நின்று முக்காட்டைச் சரிசெய்தார். செருப்பில் கல் என்று குனிந்தார். கல் எதையும் நான் பார்க்கவில்லை.

“கன்னெல்லாம் எப்படி இருக்கு டீச்சர்?”

“பச்சையா இருக்கு.”

“ம்” என்றார்.

கொட்டகையைக் கடந்ததும் ஒரு சாக்குச் சொல்லி அறைக்குப் போய் மறுபடி சேலை மாற்றிக்கொண்டு வந்தேன். இந்த உடையோடு அந்த மரங்களுக்கு நடுவே நடக்க என்னால் முடியாது. ஜெயமலரை மாற்றச் சொல்லத் துணிவில்லை. மேல்மலை சுத்தமாக இருக்கிறது. ஒரு மரத்தில்கூடத் தொற்று இல்லை. பெரிய, ஆரோக்கியமான, கரும்பச்சை மரங்கள்.

திங்கட்கிழமை இந்தக் கன்றுகளை இங்கே வைப்பார்கள்.

இப்போது சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். கணக்கு டீச்சருக்குப் பூஞ்சை தெரியாது. அதன் பிறகு நான் யார், எதற்கு வந்தேன் எல்லாம் வெளியே வரும். அப்படி வெளியே வந்தால் மதியிடம் என் முகத்தை எப்படிக் காட்டுவேன்? அவள் என்னைக் கேட்டது ஒரு நேர்க் கேள்வி. நான் பதிலுக்குப் பொய் சொல்லி வந்து அவள் மாமியார் கையால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். மாமியார் என்று எழுதிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை கிளம்புகிறேன். கொழும்பு போய்ப் பெயர் போடாமல் ஒரு செய்தி அனுப்பலாம். ஆனால் அதற்குள் நட்டிருப்பார்கள்.

சாயங்காலம்: அடுக்களைப் படியில் உட்கார்ந்து ஜெயமலர் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நானும் போய் உட்கார்ந்தேன்.

“டீச்சர், உங்ககிட்ட ஒண்ணு கேக்கட்டா? நீங்க படிச்சவங்க. நாலு புள்ளைங்களோட அம்மாமாரப் பாத்திருப்பீங்க.”

“கேளுங்க.”

“எம் மகன் ஒருத்தன் இந்தியாவுல இருக்கான். அங்கயே ஒரு புள்ளய விரும்புறான். நல்ல புள்ளயாம். போன்ல எங்கூடக் கதைக்கும், ‘அத்தை அத்தை’ன்னு உசுரா இருக்கும். ஆனா அவ அம்மாவுக்கு எங்களப் புடிக்கலயாம்.”

தேங்காய் துருவும் சத்தம் நிற்கவில்லை.

“ஏனாம்?” என்றேன்.

“அதான் தெரியல. அந்தப் புள்ள கேட்டுச்சாம். அம்மா குக்கர எறக்கப் போயிட்டாங்களாம்.”

நான் துருவலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“பெரிய படிப்புப் படிச்சவங்களாம். வாயில சொல்ல முடியாத காரணம்னா அது என்னா காரணமா இருக்கும் டீச்சர்?”

“அவங்களுக்கே தெரியாம இருக்கலாம்.”

“இருக்கலாம். கூலிக்கு வந்த எங்க ஆளுங்களுக்கு அந்தக் காரணம் தெரியும்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. “அப்படிப்பட்ட அம்மாகிட்ட நான் என்னா பேசுறது? நீங்களா இருந்தா என்னா சொல்லுவீங்க?”

“ஒரு தடவ வந்து பாருங்கன்னு சொல்லுவேன்.”

“வந்து பாத்துட்டும் புடிக்கலன்னா?”

உள்ளிருந்து ரத்தினம் பசிக்கிறது என்று குரல் கொடுத்தார். “ஒனக்கு எப்பத்தான் பசிக்கல” என்று ஜெயமலர் எழுந்து போய்விட்டார். போகும்போது கொடியைப் பார்த்தார்.

“ஒரு நாளைக்கு மூணு உடுப்பு மாத்துறீங்களே டீச்சர். இந்தக் குளிருல எப்படிக் காயும்?”

டிசம்பர் 13, ஞாயிறு

விடிந்ததும் ஆட்கள் வந்துவிட்டார்கள். நாளைக்கு வேண்டிய கன்றுகளைக் கூடைகளில் அடுக்குகிறார்கள். எழுந்து பார்த்தபோது கிழக்கு வரிசை முழுதும் கூடைக்குள் இருந்தது. பின்னறை ஜன்னலிலிருந்து அது நன்றாகத் தெரிகிறது.

காபி குடித்தேன். மறுபடி எட்டிப் பார்த்தேன். ஒரு ஆள் கூடையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு மேல்மலைப் பாதையில் ஏறத் தொடங்கினான்.

செருப்பைத் தேடக்கூட நேரம் எடுக்காமல் ஓடினேன்.

“இறக்கு! இறக்கு அதை! கீழே வை!”

வகுப்பில்கூட நான் இப்படிக் கத்தியதில்லை. அந்த ஆள் கூடையோடு அப்படியே நின்றான். ரத்தினம் ஓடிவந்தார். ஜெயமலர் கொட்டகைக்குள் இருந்து வெளியே வந்தார், ஓடவில்லை.

ஒரு கன்றை எடுத்து இலையைத் திருப்பிக் காட்டினேன். விரலில் பொடியைத் தேய்த்துக் காட்டினேன். இது என்ன, எப்படிப் பரவும், மேல்மலைக்குப் போனால் ஒரு வருடத்தில் அங்கே என்ன நடக்கும் என்று சொன்னேன். கிழக்கு வரிசைகளைப் பிடுங்கி இங்கேயே எரிக்க வேண்டும். மேற்கு வரிசைகளுக்குத் துத்த மருந்து அடித்துக் காத்திருக்க வேண்டும். இப்போது நடவே கூடாது. கூடை தூக்கியவர்கள் கைகால் கழுவி உடை மாற்றாமல் மேலே போகக் கூடாது.

எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியவில்லை. வெறுங்காலோடு நின்றிருந்தேன்.

“சொல்லிட்டீங்க” என்றார் ஜெயமலர்.

“அப்படியா” என்று கேட்கவில்லை. “உங்களுக்கு எப்படித் தெரியும்” என்று கேட்கவில்லை. “சொல்லிட்டீங்க” என்றுதான் சொன்னார். பிறகு ரத்தினத்தின் பக்கம் திரும்பினார்.

“உரம் பத்தல, உரம் பத்தலன்னு சொன்னியே? இப்ப என்னா சொல்ற?”

“அண்ணி, மஞ்சளா இருந்தா உரம் பத்தலன்னுதான்…”

“வாய மூடிக்கிட்டுப் போய்க் குழி வெட்டு.”

ரத்தினம் நாள் முழுக்க வாயைத் திறக்கவில்லை. அவர் அப்படி இருந்ததைப் பார்த்து வேலைக்கு வந்த பெண்களெல்லாம் சிரித்தார்கள். “ரத்தினண்ணனுக்கும் நோய் வந்துருச்சு, அவரையும் சேத்து எரிங்க” என்றாள் ஒருத்தி.

சாயங்காலம் வரை பிடுங்கினோம். நானும். எது போக வேண்டும், எது இருக்கலாம் என்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துச் சொன்னேன். ஜெயமலர் என் கூடவே நின்று அவரும் திருப்பிப் பார்க்கப் பழகினார். நான் “இது” என்பதற்குள் அவர் பிடுங்கிவிடுவார். ஈரக் கன்றுகள் எரியவே மாட்டேன் என்றன, மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டியிருந்தது.

புகைக்கு நடுவே ஒரு தரம் கேட்டார்: “கணக்கு டீச்சருங்களுக்கு இதெல்லாம் உங்க ஊருல சொல்லிக் குடுக்குறாங்களா?”

“சில பேருக்கு” என்றேன்.

“நல்ல ஊரு” என்றார்.

டிசம்பர் 14, திங்கள்

மருந்து கலப்பதைக் காட்டிக் கொடுத்தேன். மயில்துத்தத்தைத் தனியாக, சுண்ணாம்பைத் தனியாகக் கரைத்துப் பிறகுதான் சேர்க்க வேண்டும், இரும்புப் பாத்திரம் ஆகாது. ரத்தினம் இரும்பு வாளியைத்தான் கொண்டுவந்தார். திருப்பி அனுப்பினேன்.

டச்சுக்காரர்கள் கிளம்பினார்கள். நேற்று நடந்ததைத் தோட்டத்தின் பாரம்பரியச் சடங்கு என்று நினைத்திருக்கிறார்கள். நிறையப் படம் எடுத்தார்களாம்.

மேற்கு வரிசைக் கன்றுகள் தையில்தான் போகும். ஜெயமலருக்கு வருத்தம்தான். “கார்த்திகை நடவு போச்சு” என்று கொட்டகையையே பார்த்துக்கொண்டு நின்றார். “மேல்மலை இருக்கே” என்றேன். “அது இருக்கு” என்றார்.

மூர்த்தி பேசினார்.

“என்ன, குறை கிடைச்சுதா?”

“கிடைச்சுது.”

“அவன்கிட்டயா?”

“இல்ல.”

“சரி, பத்திரமா வா” என்றார்.

நாளை பத்து மணிக்கு வேன் வரும். அதற்கு முன் காலைச் சாப்பாடு முடிந்ததும் ஜெயமலரை உட்காரவைத்து நான் யார் என்று சொல்லப் போகிறேன். நின்றுகொண்டு இல்லை, கிளம்பும்போது வாசலில் இல்லை, உட்கார்ந்து. சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒத்திகை பார்த்துவிட்டேன். நான் மதியின் அம்மா. பொய் சொல்லிக்கொண்டு வந்தேன். வந்த காரணம் மரியாதையான காரணம் இல்லை, அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். உங்கள் மகனை என் மகளுக்குக் கேட்கிறேன். நீங்கள் மறுத்தால் அதை மதியிடம் நானே சொல்வேன்.

ஐந்து வாக்கியம். நாளைக்குத் தவறவிட்டால் மறுநாள் மார்கழி. இவர்கள் ஒரு மாதத்துக்கு எந்த நல்ல பேச்சும் எடுக்க மாட்டார்கள். அதனால் நாளைக்கே.

டிசம்பர் 15, செவ்வாய்

நடந்தது இதுதான்.

காலையில் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும். ரத்தினம் டவுனுக்குப் போயிருந்தார். இன்று வேலைக்கு யாரும் வரவில்லை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். தட்டை எடுத்துவைத்துவிட்டு, “உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும், கொஞ்சம் உட்காருங்க” என்றேன்.

ஜெயமலர் உட்கார்ந்தார். நான் தொண்டையைச் செருமினேன்.

அவர் என் தோளுக்கு மேலே பார்த்தார். மலை இல்லை. இருந்த இடத்தில் வெள்ளையாக மழை இறங்கி வந்துகொண்டிருந்தது.

“ஐயோ, கொட்டை!” என்று எழுந்து ஓடினார்.

காயும் மேடைகளில் ஒரு வாரத்துப் பழத்தின் கொட்டை முழுதும் கிடந்தது. நானும் ஓடினேன். படங்கு கனமானது, மடித்து வைத்திருந்தது. பிரித்து ஒரு பக்கத்தை அவர் இழுத்துக்கொண்டு போக, அதற்குள் காற்று வந்து அதைப் பந்தல் மாதிரி தூக்கியது. மறுமூலை என் தலைக்கு மேல் பறந்தது. முதல் துளிகள் விழத் தொடங்கின.

“சம்பந்தி!” என்று கத்தினார் அந்தக் கோடியிலிருந்து. “அந்த மூலையப் புடிங்க! காத்து தூக்குது! சம்பந்தி, கயித்தப் புடிங்க!”

நான் திரும்பிப் பார்க்கவில்லை. எட்டிக் கயிற்றைப் பிடித்தேன். இழுத்தேன். காற்று என்னையும் சேர்த்து இழுத்தது. மேடைக் காலில் முழங்காலை முட்டுக்கொடுத்துக் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டேன். விடவில்லை. அவர் தன் பக்கத்தைக் கட்டிவிட்டு ஓடிவந்து என் பக்கத்தையும் கட்டினார். பிறகு அடுத்த மேடை, அதற்கடுத்தது. எல்லாவற்றையும் மூடி முடித்தபோது மழை எங்கள் மேல் மட்டும்தான் பெய்துகொண்டிருந்தது. ஒரு கொட்டை நனையவில்லை.

இயந்திரக் கொட்டகையில் ஒதுங்கி நின்றோம். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது.

“எப்பத்திலருந்து தெரியும்?” என்றேன்.

“நீங்க அறை போட்ட அன்னைக்கே. மதி உங்க போட்டோ எல்லாம் அனுப்பிருக்கே. பேரப் பாத்துட்டு அதுகிட்டயே கேட்டேன். அதுக்குத் தெரியாதா, அம்மாவோட முழுப்பேரு?”

“மதிக்கும் தெரியுமா?”

“அது அன்னைக்கே சொல்லிருச்சு, அம்மாவுக்குக் கத்தரிக்கா ஆகாது, சர்க்கரை அரை ஸ்பூன்னு. நீங்களா சொல்ற வரைக்கும் யாரும் மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிருச்சு.”

“அப்ப நீங்க ஏன் சொல்லல?”

“நல்லா இருக்கே! வந்த விருந்தாளி கணக்கு டீச்சர்ங்குறாங்க. இல்ல, நீங்க பயிர் நோய் படிச்சவங்கன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? கன்னுக்கு என்னமோ வந்துருக்குன்னு எனக்குத் தெரியும். இவன் உரம் உரம்ங்குறான். அதப் படிச்ச மனுஷி எம் வீட்டுலயே இருக்காங்க, ஆனா கேக்க முடியல. கேட்டா உங்க வேஷம் கலைஞ்சிரும். அதான் போற வழி, வர்ற வழி எல்லாம் அந்தக் கொட்டகை வழியாவே கூட்டிப் போனேன். செருப்புல கல்லுன்னு குனிஞ்சேன். நீங்க பச்சையா இருக்குன்னீங்க.”

நான் சேலைத் தலைப்பைப் பிழிந்தேன்.

“மூணு உடுப்பு மாத்தினப்பவே கண்டுக்கிட்டேன், இவங்களுக்குத் தெரியும்னு. சொல்லுவாங்களா, சொல்லாமயே போயிருவாங்களான்னுதான் தெரியல.” முகத்தைத் துடைத்துக்கொண்டார். “போயிருந்தீங்கன்னா நானும் மதிகிட்ட வேணாம்னு சொல்லியிருப்பேன். இப்ப சொல்லுங்க. காலையில என்னமோ சொல்லணும்னு உக்காத்தி வச்சீங்களே.”

ஐந்து வாக்கியமும் எங்கேயோ போய்விட்டன. “மன்னிச்சிருங்க. நிரோஷனை மதிக்குக் கேட்கிறேன்” என்றேன். இரண்டுதான் வந்தன.

“அவன்கிட்ட என்னா குறை?”

“ஒண்ணும் இல்லை.”

“இருக்கு. கொறட்டை விடுவான்.”

“மதி எட்டு மணிக்கு முன்னாடி எந்திரிக்க மாட்டா.”

“அது தெரியும்” என்றார். “அப்ப சரியாப் போச்சு.”

மழை விட்டது. என் துணிமணி எல்லாம் கொடியில் இருந்தது. மூன்று நாள் துணியும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது, மாற்ற ஒன்றுகூட மிச்சமில்லை. ஜெயமலர் உள்ளே போய்ப் பெட்டியிலிருந்து தன் சேலை ஒன்றை எடுத்து வந்தார். அரக்குக் கரை, மடிப்புக் கலையாதது. ஒரு தட்டில் வைத்து, வெற்றிலை பாக்கும் வைத்து, இரண்டு கையாலும் கொடுத்தார். “இன்னைக்குக் கார்த்திகை கடைசி. நாளைக்குக் குடுக்க முடியாது” என்றார். உடுத்திக்கொண்டேன்.

பின்னறையில் பையை எடுக்கப் போனபோது சுவரில் ஆணி காலியாக இல்லை, கழற்றிய படம் திரும்ப வந்திருந்தது. மதியும் நிரோஷனும் ஏதோ கடற்கரையில். மதி கண்ணை மூடியிருக்கிறாள்.

வேன் வந்து ஹாரன் அடித்தது. வாசல் வரை வந்தார். கதவைச் சாத்தும்போது குனிந்து சொன்னார்:

“தையில கன்ன நட்டுட்டு நாங்க உங்க வீட்டுக்கு வர்றோம் சம்பந்தி. வரும்போது யாருன்னு சொல்லிட்டுத்தான் வருவோம்.”